அனுபவமே இல்லாமல் டி-ஷர்ட் பிராண்ட்: முதல் லாட்டை எப்படிப் போடுவது?

மல்லி_திண்டுக்கல்:
வணக்கம். சொந்தப் பெயரில் டி-ஷர்ட் போட்டு ஆன்லைனில் விற்க நினைக்கிறேன். கையில் 3 லட்ச ரூபாய் இருக்கிறது. வீட்டில் சாதாத் தையல் மெஷின் ஓட்டுவேன். பனியன் துணியில் கை வைத்ததே இல்லை. தனியாகப் படித்துவிட்டு வர நேரமில்லை, வேலையைச் செய்தபடியே கற்றுக்கொள்ள வேண்டிய நிலை.

ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களை வாங்கி வீட்டிலேயே தைப்பதா, திருப்பூரில் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குத் தைக்கக் கொடுப்பதா? முதல் தடவை எத்தனை பீஸ் போடலாம்? துணிக்கடையில் போய் நின்றால் என்ன கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பவர்டேபிள்_திருப்பூர்:
மெஷின் இப்போதைக்கு வேண்டாங்க. ஒரு டி-ஷர்ட்டுக்கு ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் (சாதா நேர்த்தையல் மெஷின்) மூணும் வேணும். தோள், கை, பக்கவாட்டு இணைப்பெல்லாம் ஓவர்லாக். கை மடிப்பும் கீழ் மடிப்பும் ஃபிளாட்லாக். பின்கழுத்து டேப்பும் லேபிளும் சிங்கர். ஒரே ஆள் மாறி மாறி உக்காந்தா, ஒண்ணு ஓடும்போது ரெண்டு சும்மா நிக்கும். அது போக கட்டிங் டேபிள், ஸ்டீம் அயர்ன் வேற. துணி வாங்க வேண்டிய காசு இரும்பாப் போயிரும்.

திருப்பூர்ல நிட்டிங், சாயம், காம்பேக்டிங் (துணி பின்னாடி சுருங்காம இருக்க முன்னாடியே அமுக்கிச் சுருக்கறது), கட்டிங், தையல், பிரிண்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாத்துக்கும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட் இருக்கு. மெஷினே இல்லாம கம்பெனி நடத்தலாம். ஆனா பீஸ் கெட்டுப்போனா தைச்சவர் துணியைச் சொல்லுவார், துணிக்காரர் காம்பேக்டிங்கைச் சொல்லுவார், அவர் கட்டிங்கைக் கை காட்டுவார். எந்த இடத்துல கெட்டதுன்னு நீங்களே கண்டுபிடிக்கற அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும். முதல் லாட்ல கத்துக்க வேண்டியது அதுதாங்க. தைக்கறதை அப்புறம் கத்துக்கலாம்.

எண்ணிக்கைக்கு என் யோசனை: ஒரே மாடல், ரவுண்ட் நெக், ரெண்டு நிறம். ஒரு நிறத்துக்கு எஸ் 6, எம் 18, எல் 24, எக்ஸ்எல் 18, டபுள் எக்ஸ்எல் 6, மொத்தம் 72. ரெண்டு நிறமும் சேர்ந்து 144. காலர், பாக்கெட், ஜிப் எதுவும் முதல் லாட்ல வேண்டாம். ஒவ்வொண்ணும் தப்பு நடக்க இன்னொரு இடம்.

இவ்வளவு சின்ன லாட்டுக்குத் தையல் ரேட் கூடத்தான் கேப்பாங்க. பீஸுக்கு 10 ரூபா கூடினாலும் மொத்தம் 1,440 ரூபாதான், பேரம் பேசாம குடுங்க. அதுக்குப் பதிலா, "கட்டிங் அன்னிக்கும் தையல் ஆரம்பிக்கற அன்னிக்கும் கூட இருந்து பாக்கறேங்க"ன்னு முன்னாடியே பேசிக்குங்க. கட்டிங் மாஸ்டர்கிட்ட கேள்வி கேக்கறதுன்னா துணி விரிக்கும்போது கேளுங்க, கத்தி ஓடும்போது வேண்டாம். ஒரு நோட்டுல எத்தனை கிலோ போச்சு, எத்தனை பீஸ் வந்துச்சு, வேஸ்ட் எத்தனை கிலோன்னு ஒவ்வொரு இடத்துலயும் எழுதுங்க. போன துணி எடையும், வெட்டின பீஸ் + வேஸ்ட் + மீதித் துணி எடையும் ஒத்துப்போகணும்.

நூல்கணக்கு:
துணியைப் பற்றி நான் சொல்கிறேன். பனியன் துணி கிலோ கணக்கில் விற்பது, மீட்டரில் அல்ல. அதனால் கடையில் நான்கு விஷயம் கேளுங்கள்: என்ன நூல், எந்த நம்பர், எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), காம்பேக்டிங் ஆனதா.

நூலில் கார்டட், கோம்ப்டு என்று இரண்டு உண்டு. கோம்ப்டு என்பது குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல். துணி வழவழப்பாக இருக்கும், சீக்கிரம் பிசிறு எழாது. கையில் உடனே வித்தியாசம் தெரியாது, பத்துத் துவைப்பில் தெரியும். நம்பர் கூடக்கூட நூல் மெலிது. சிங்கிள் ஜெர்சியில் (டி-ஷர்ட்டுக்கான வழக்கமான பனியன் துணி) 30-ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 150-160 ஜிஎஸ்எம் தரும். 180 வேண்டுமென்றால் 24 அல்லது 26-ஆம் நம்பர். 30-ஆம் நம்பரில் 180 என்று யாராவது சொன்னால் துணியை எடைபோட்டுப் பாருங்கள்.

எடைபோடுவது எளிது. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி, கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசில் வையுங்கள். 1.80 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். ஓரத்தில் வெட்டாதீர்கள், நடுவில் இரண்டு மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். இந்தத் தராசு உங்களுக்கு எந்த மெஷினையும்விட முதலில் வேண்டும்.

ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி? (உடல் நீளம் + கை நீளம் + மடிப்பு, தையலுக்கான அளவு) × (பாதி மார்பளவு + தையல் அளவு) × 2 × ஜிஎஸ்எம் ÷ 10,000. எல் சைஸுக்கு உடல் 72, கை 22, கூடுதல் 10; பாதி மார்பு 54, கூடுதல் 4 என்று வைத்தால் 104 × 58 × 2 = 12,064 சதுர செ.மீ. 180 ஜிஎஸ்எம்மில் 217 கிராம். கட்டிங் வேஸ்ட் 10 சதவீதம் சேர்த்தால் 239. கிலோவுக்கு நாலு பீஸ் என்று மனதில் வையுங்கள். 72 பீஸுக்கு 17-18 கிலோ. ஒரு நிறத்துக்கு ஒரு ரோல், 20 கிலோவுக்குக் குறையாமல். மிச்சத்தில் சாம்பிளும் துவைப்புச் சோதனையும் நடக்கும்.

இந்த அளவுக்கு நூல் வாங்கி, நிட்டிங் கொடுத்து, சாயம் போடுவது சரிவராது. சாயப்பட்டறையில் ஒரு நிறத்துக்கு 100 கிலோவுக்குக் கீழே போனால் மறுப்பார்கள், அல்லது சிறிய லாட்டுக்கென்று தனி ரேட் சொல்வார்கள். ரெடி ஸ்டாக்கில் சாயம் போட்ட துணியே வாங்குங்கள். (சாய ரேட் ஏன் இவ்வளவு என்று பலருக்கும் தோன்றும். நொய்யல் மாசுபட்ட வழக்கில், கழிவுநீரைத் துளிகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் சுத்திகரிப்புச் செலவு ஒவ்வொரு கிலோவிலும் இருக்கிறது. சந்தை விலையைவிட மிகக் குறைவாக யாராவது சாயம் போட்டுத் தருகிறார் என்றால் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசியுங்கள்.)

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் கழுத்து ரிப், அதாவது கழுத்துப் பட்டைக்கான இழுபடும் துணி. உடல் துணியும் ரிப்பும் ஒரே சாய லாட்டாக இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் கடை வெளிச்சத்தில் ஒரே கறுப்பாகத் தெரியும், வெயிலில் ஒன்று பழுப்பாகவும் ஒன்று நீலமாகவும் அடிக்கும். வாங்கும்போதே "இந்த லாட்டுக்கு ரிப் இருக்கா?" என்று கேளுங்கள், வாசலில் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

வெட்டக் கொடுப்பதற்கு முன் வீட்டில் இரண்டு சோதனை:

துணி சுருங்குகிறதா: துணியில் 50 செ.மீ. சதுரம் அழியாத மையில் வரைந்து, துவைத்து, காயவைத்து அளக்கவும். நீளவாக்கில் 47.5 வந்தால் 5 சதவீதம். அதுவரை சமாளிக்கலாம், பேட்டர்னில் சேர்த்துவிடலாம். 72 செ.மீ. நீளம் நிற்க வேண்டுமென்றால் 72 ÷ 0.95, அதாவது 75.8-க்கு வெட்ட வேண்டும். 8 சதவீதம் வந்தால் வெட்டாதீர்கள். மறுபடி காம்பேக்டிங் கேளுங்கள் அல்லது திருப்பிக் கொடுங்கள்.

சாயம்: ஈரமான வெள்ளைத் துணியை விரலில் சுற்றி 10 தடவை அழுத்தித் தேயுங்கள். கறுப்பு, சிவப்பு, நேவி மூன்றும் கட்டாயம். லேசாக ஒட்டுவது வழக்கம். தெளிவாக நிறம் ஏறினால் அந்த ரோல் வேண்டாம். சந்தேகம் இருந்தால் கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் கட்டணம் கட்டி முறையாகச் சோதிக்கலாம்.

பிரிண்ட்_கடை:
எல்லோரும் துணியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ரெடிமேட் பிளெய்ன் டி-ஷர்ட் கிடைக்கிறது. 30 பீஸ் வாங்கி, மூன்று டிசைன் பிரிண்ட் போட்டு விற்றுப் பார்க்கட்டும். டிசைனே ஓடாது என்றால் 144 பீஸ் தைத்து என்ன பயன்?

இரண்டு எச்சரிக்கை மட்டும். பிரிண்டுக்கு முன் ஒரு பீஸைத் துவைத்துப் பாருங்கள். துணி சுருங்கும், பிரிண்ட் சுருங்காது, நெஞ்சில் அலை அலையாக நிற்கும். அடர் நிறத் துணியில் பிரிண்ட் என்றால் வெள்ளை அடித்தளம் போட்டுத்தான் மேலே நிறம் ஏறும். கியூரிங் (பிரிண்ட் மையைச் சூட்டில் இறுக்குவது) சரியாக ஆனதா என்று விரலால் இழுத்துப் பாருங்கள், வெடிப்பு விழுந்தால் சூடு போதவில்லை.

மல்லி_திண்டுக்கல்:
எல்லோருக்கும் நன்றி. தராசு வாங்கிவிட்டேன். ஒரு கடையில் 180 என்று சொன்ன துணி மூன்று இடத்திலும் 1.66, 1.68, 1.65 காட்டியது. அதை விட்டுவிட்டேன். வேறு கடையில் ஒரு சாம்பிளுக்கு வேண்டிய துணி வாங்கி உள்ளூர் டெய்லரிடம் தைத்தேன். துவைத்ததும் பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது, கீழ் மடிப்பும் அலை அலையாக இருக்கிறது. துணி தப்பா, தையல் தப்பா? இன்னொன்று, 499 ரூபாய்க்கு விற்றால் என்ன நிற்கும்? பீஸ் 200 ரூபாய்க்குள் முடியும் என்கிறார்கள், அப்படியானால் பாதிக்கு மேல் லாபமா?

செக்கிங்_அக்கா:
மல்லி, ரெண்டும் வேற வேற பிரச்சினைம்மா.

முதல்ல அலை. அது தையல். உள்ளூர் டெய்லர் சாதா மெஷின்ல மடிச்சிருந்தா நிச்சயம் அப்படித்தான் வரும், ஏன்னா பனியன் துணி இழுபடும், அந்தத் தையல் கூட இழுபடாது. இழுத்தா நூல் அறுந்துரும். ஃபிளாட்லாக்ல போட்டும் அலை வந்தா, பல்லு துணியைத் தள்ளுற வேகம் சரியில்லை. டிஃபரன்ஷியல் ஃபீடை ஏத்தச் சொல்லணும். டெய்லர் துணியைக் கையால இழுத்துப் பிடிச்சு ஓட்டினாலும் அலைதான்.

முறுக்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. துணியைக் கண்கிட்ட வெச்சுப் பாத்தா நீளவாக்குல கண்ணி வரிசை ஓடுறது தெரியும். துவைக்காத பீஸ்ல அந்த வரிசை பக்கவாட்டுத் தையலுக்கு இணையா ஓடுதான்னு பாருங்க. துவைக்கும் முன்னாடியே சாய்வா ஓடினா, துணியை நேராப் போடாம வெட்டியிருக்காங்க, அல்லது துணியே சாய்வாப் ஃபினிஷ் ஆகி வந்திருக்கு. முன்னாடி நேரா இருந்து, துவைச்சதும் சாய்ஞ்சா அது நூல் முறுக்கு, துணியோட குணம். சிங்கிள் ஜெர்சியில கொஞ்சம் இருக்கும். கீழ் மடிப்புகிட்ட தையல் எத்தனை செ.மீ. நகர்ந்துச்சுன்னு அளந்து, உடல் நீளத்தால வகுத்துப் பாருங்க. 70 செ.மீ.ல 2 செ.மீ. நகர்ந்தா 3 சதவீதம், யாரும் கவனிக்க மாட்டாங்க. 4 செ.மீ.ன்னா 6 சதவீதத்துக்குப் பக்கம். போட்டுப் பாத்தவங்க திருப்பி அனுப்புவாங்க. அந்தத் துணி வேண்டாம்.

லாட் வெட்டும்போது ரெண்டு விஷயம் விட்ராதீங்க. ரோலைப் பிரிச்சு ஒரு ராத்திரி தளர விடணும். இறுக்கமா சுத்தின துணியை உடனே விரிச்சு வெட்டினா, வெட்டின பீஸ் மேஜையிலேயே சுருங்கும், எல் சைஸ் எம் ஆயிரும். அப்புறம் நம்பரிங். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நம்பர் ஸ்டிக்கர், முன், பின், ரெண்டு கை எல்லாத்துலயும் ஒரே நம்பர். இது இல்லாம கட்டுக் கட்டினா ஒரு அடுக்கோட கை இன்னொரு அடுக்கோட உடலுக்குப் போகும், நிறம் மாறி நிக்கும்.

பவர் டேபிள்ல (தையல் யூனிட்ல) முதல் பத்துப் பீஸ் வந்ததும் நிறுத்திப் பாருங்க, 72-ம் முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. பாக்க வேண்டியது: ஊசி பால் பாயின்ட்டான்னு கேளுங்க, கூர் ஊசி போட்டா கண்ணியை அறுக்கும், இப்ப தெரியாது, துவைச்சதும் தையலோரம் புள்ளிப் புள்ளியா ஓட்டை விழும். கழுத்து ரிப் கழுத்து வட்டத்துல 80-85 சதவீத நீளம் இருக்கணும். கூடினா கழுத்து தொங்கும், குறைஞ்சா சுருக்கம் விழும். முழுசா இழுத்தா பெரியவங்க தலை நுழைய 60 செ.மீ. சுத்தளவாவது வரணும், அப்ப "பட்"னு நூல் அறுபடற சத்தம் கேக்கக்கூடாது. ஒரு அங்குலத்துக்கு 10-12 தையல். தோள்ல டேப் இருக்கணும், இல்லைன்னா ஹேங்கர்லயே நீண்டுரும். எண்ணெய்க் கறையை அயர்ன் போடும் முன்னாடியே எடுக்கணும், சூடு பட்டா நிக்கும்.

சாம்பிள் ஒண்ணு ஓகே ஆனதும் அதுல கையெழுத்துப் போட்டு யூனிட்ல ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு வெச்சுக்குங்க. வாய்ல பேசினது எதுவும் செக்கிங் டேபிள்ல நிக்காது.

கணக்கு_வழக்கு:
499-க்கும் 200-க்கும் நடுவில் இருப்பது லாபம் இல்லை. கீழே உள்ள விலைகள் கணக்கின் அமைப்புக்காக மட்டும். அன்றைய ரேட் கேட்டு நீங்கள் மாற்றிப் போடுங்கள்.

துணி 240 கிராம், கிலோ 450 என்றால் 108. ரிப் 5. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் 42. லேபிள், கவர் 8. பிரிண்ட் 30. ஆக 193. நூறில் நாலு பீஸ் செகண்ட்ஸ் (குறையுள்ளது) என்று வைத்தால் 193 ÷ 0.96, ஒரு நல்ல பீஸ் 201 ரூபாய்.

விற்பனைப் பக்கம்: 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் 2,500 ரூபாய் வரை உடைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 499-ல் வரி உள்ளடங்கியது என்றால் உங்களுடையது 475. இனி கூரியர். 100 ஆர்டர் அனுப்பி 25 திரும்பினால் (பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறை என்றால் இது நடக்கக்கூடியதே), போக 100 × 65 = 6,500, திரும்ப 25 × 65 = 1,625. மொத்தம் 8,125. இதை விற்ற 75 பீஸ்தான் சுமக்க வேண்டும், பீஸுக்கு 108. பேமென்ட் கட்டணம் 10. விளம்பரம் ஒரு விற்பனைக்கு 100 என்று வைத்தால்:

475 − 201 − 108 − 10 − 100 = 56 ரூபாய்.

திரும்பி வந்த பீஸை மறுபடி அயர்ன் செய்து கவர் போடும் செலவு இதில் இல்லை. உங்கள் உழைப்புக்குச் சம்பளமும் இல்லை. விலையைக் கூட்டுவதைவிடத் திரும்புவதைக் குறைப்பதே உங்கள் கையில் இருக்கிறது. 25 என்பது 10 ஆனால் கூரியர் பீஸுக்கு 79 (7,150 ÷ 90). அங்கேயே 29 ரூபாய் மிச்சம். அதற்குச் சைஸ் சார்ட்டை உடம்பின் அளவாகப் போடாமல், துவைத்துக் காய்ந்த டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து அளந்த மார்பு, நீளம், தோள் என்று செ.மீ.யில் போடுங்கள். "உங்களுக்குப் பொருந்தும் பழைய டி-ஷர்ட்டை அளந்து ஒப்பிடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெயர் விஷயம். லேபிள் அடிக்கும் முன் டிரேட்மார்க் பதிவேட்டில் 25-ஆம் வகுப்பில் (உடைகள் அதில்தான் வரும்) தேடிப் பாருங்கள், தேடல் இலவசம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நெய்த லேபிள் ஆயிரம் அடித்த பிறகு பெயர் வேறொருவருடையது என்று தெரிந்தால் அத்தனையும் குப்பை. பீஸில் எம்ஆர்பி, செ.மீ.யோடு சைஸ், உங்கள் பெயர், முழு முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் இருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) எடுத்தால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. அதைப் பதிவு செய்யும்போதே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

144 பீஸுக்கு 29,000 ரூபாய் அளவில் ஆகும். மிச்சத்தைப் பார்த்து மூன்றாவது நிறம், ஹூடி என்று இறங்காதீர்கள். இரண்டாவது லாட்டுக்கும் மூன்றாவது லாட்டுக்கும் அதே தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள். முதல் லாட்டில் எக்ஸ்எல் முடிந்து எஸ் தேங்கினால், அடுத்த லாட்டின் சைஸ் விகிதத்தை அதைப் பார்த்து மாற்றுவீர்கள்.

நூல்கணக்கு:
பிரிண்ட்_கடை சொன்ன 30 பீஸ் யோசனையை நான் மறுக்கவில்லை. டிசைன் ஓடுமா என்று அது சொல்லும். ஆனால் அந்த பிளெய்ன் பீஸ் அடுத்த மாதம் அதே துணியில், அதே அளவில் கிடைக்கும் என்று நம்பி சைஸ் சார்ட் போட வேண்டாம். இரண்டு கடைகளின் எல் சைஸ் மார்பில் 3-4 செ.மீ. வித்தியாசப்படும். மல்லி, இரண்டையும் ஒரே மாதத்தில் ஓட்டுங்கள்: பிளெய்ன் 30 விற்பனைக்கு, 144-க்குத் துணிச் சோதனை பக்கத்தில்.

முறுக்காத துணி வேண்டுமென்றால் கடையில் "ஓப்பன் விட்த், ஸ்டென்டர் ஆனது" (குழாயை வெட்டி விரித்து, இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சூட்டில் நேராக்கியது) என்று கேளுங்கள். குழாய் வடிவிலேயே ஃபினிஷ் செய்த துணியைவிட விலை கூடும், முறுக்கு குறையும். வாங்கும் ரோலில் அரை மீட்டர் முதலில் வாங்கித் துவைத்துப் பாருங்கள். சரி என்றால் அதே ரோலை, சீட்டில் உள்ள லாட் நம்பரைச் சொல்லி எடுத்துவையுங்கள். துணி வந்து இறங்கியதும் சீட்டில் உள்ள எடையோடு உங்கள் எடையைச் சரிபார்த்து, உள்ளே இருக்கும் அட்டைக் குழாயின் எடையைக் கழியுங்கள்.

மல்லி_திண்டுக்கல்:
துவைக்காத துண்டு மிச்சம் இருந்தது, அக்கா சொன்னபடி கண்ணி வரிசையைப் பார்த்தேன். முன்னாடி நேராகத்தான் ஓடுகிறது. தைத்த பீஸில் துவைத்தபின் 68 செ.மீ. நீளத்துக்கு 4.5 செ.மீ. நகர்ந்திருக்கிறது. அப்படியென்றால் துணிதான், இல்லையா?

செக்கிங்_அக்கா:
ஆமாம்மா, 6.6 சதவீதம், துணிதான். டெய்லரைத் திட்டாதீங்க. அந்த ரோலை விட்டுட்டு, நூல்கணக்கு சொன்ன ஸ்டென்டர் துணியில அரை மீட்டர் எடுத்து, துவைக்கும் முன்னாடி அதுல ஒரு சதுரமும் கண்ணி வரிசை மேல ஒரு நேர்கோடும் போட்டு வைங்க. சுருக்கமும் முறுக்கும் ஒரே துவைப்புல தெரிஞ்சிரும்.